உறைபனியில் மூக்குக்கண்ணாடிக்காரன்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவருக்குக் கனடா விசா கிடைத்துவிட்டால் போதும், அந்த மாடிக்குடியிருப்பில் இருக்கும் எல்லோரும் குளிர்கால நிபுணர்கள் ஆகிவிடுவார்கள். எந்த ஜாக்கெட், எத்தனை சோடி காலுறை, சப்பாத்தை இங்கே வாங்குவதா அங்கே வாங்குவதா என்று ஆளுக்கொரு தீர்ப்பு வரும். நான் பெப்ரவரியில் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டபோதும் அப்படித்தான். ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டவன் அந்தக் குளிரில் எப்படிப் பார்ப்பான் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினால் காலி வீதியில் எதிரே வருவது 100 ஆம் இலக்க பஸ்ஸா 101 ஆ என்றுகூட எனக்குத் தெரியாது. ஆகவே இது எனக்குச் சின்ன விஷயமல்ல.

அங்கே போனால் எப்படியும் யாராவது உங்களை ஸ்னோமொபைலில் ஏற்றிவிடுவார்கள். முன்னால் இரண்டு சறுக்குகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டி, நடுவே மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதைப் போன்ற இருக்கையும் கைப்பிடியும் கொண்ட வண்டி அது. ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. கொழும்பில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவருக்குச் சிறிது நேரத்தில் கைவந்துவிடும். கைவராதது பார்வை. அதற்காகவே சூடேற்றும் கொகிள்ஸ், அதாவது கண்களைச் சுற்றி மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, என்று ஒன்று விற்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று கேட்டால் செய்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் மூச்சு போகும் வழியைச் சரிசெய்யாதவருக்கு அது விலை கூடிய அலங்காரம்தான்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். கொழும்புக் காற்று எப்போதும் நனைந்தே இருக்கும். ஒரு கனமீற்றர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருப்பது இங்கே சாதாரணம். கொழும்புக் கோட்டையில் குளிரூட்டிய அலுவலகத்தில் இருந்துவிட்டு மத்தியானம் வெளியே வந்தால் கண்ணாடி ஒரு கணத்தில் வெள்ளையாகிவிடும். குளிர்ந்த வில்லையில் வெளிக்காற்றின் ஈரம் படிவதுதான் காரணம். அப்போது ஒன்றும் செய்யத் தேவையில்லை. கண்ணாடி சூடேறியதும் தானாகத் தெளிந்துவிடும்.

அக்கா இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பெப்ரவரியில் நிலைமை தலைகீழ். வெப்பநிலை −20 பாகை செல்சியஸுக்கு இறங்கும்போது ஒரு கனமீற்றர் காற்றால் ஏறத்தாழ ஒரு கிராம் நீராவியைத்தான் தாங்க முடியும். வெளிக்காற்று எலும்பாய்க் காய்ந்திருக்கிறது. அப்படியானால் கொகிள்ஸுக்குள் படிகிற ஈரம் முழுவதும் நம் உடம்பிலிருந்து போனதுதான். மூச்சு ஏறக்குறைய 34 பாகையில், கனமீற்றருக்கு 35 கிராம் அளவு நீரைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. நெற்றியின் வியர்வையும் கண்ணின் ஈரமும் அதோடு சேர்கின்றன. இவை எல்லாம் போய் மோதுவது வெளிப்பக்கம் −20 பாகைக் காற்றில் விறைத்திருக்கும் பிளாஸ்டிக் வில்லையில். இங்கே போலக் காத்திருந்தால் தெளியும் என்று நினைக்க முடியாது. படிந்த ஈரம் சில நிமிடங்களில் உறைந்து, நகத்தால் சுரண்ட வேண்டிய பனிப்படலமாகிவிடும்.

நாங்கள் போனது ஹலிபேர்ட்டன் பக்கம். ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஏரிகளும் ஊசியிலைக் காடுகளும் நிறைந்த இடம். அத்தான், அவருடைய மகன், நான் என மூன்று பேர் வண்டிகளில். அக்கா மட்டும், "உங்களுக்குத்தான் பைத்தியம், எனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு விடுதியின் கணப்பருகே தேநீரோடு அமர்ந்துவிட்டாள். அன்று எங்களில் அதிகப் புத்தி அவளுக்குத்தான் இருந்தது.

வாடகைக்கு வண்டி தந்த இடத்தில் ஹெல்மெட்டோடு சாதாரணக் கொகிள்ஸும் கொடுத்தார்கள். வில்லை ஒற்றைத் தகடு. உள்ளே பூசியிருந்த நீராவித் தடுப்புப் பூச்சு எத்தனையோ பேர் துடைத்துத் துடைத்துத் தேய்ந்துபோயிருந்தது. மரங்களுக்கிடையே செல்லும் பாதையில் புறப்பட்டு ஒரு வளைவைக்கூடத் தாண்டவில்லை, முன்னால் போன அத்தானின் சிவப்பு விளக்கு ஒரு கறையாக மாறியது. அடுத்த வளைவில் கறையும் இல்லை. எனக்கும் உலகத்துக்கும் நடுவே இரண்டு மங்கிய அடுக்குகள் இருந்தன, கொகிள்ஸ் ஒன்று, அதற்குள்ளே என் கண்ணாடி இன்னொன்று. கண்ணாடி போடாதவர் கொகிள்ஸைச் சற்று இழுத்துக் காற்று விட்டுக்கொள்ளலாம். எனக்கு அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலும் குளிர்ந்து மேலும் மங்கும்.

கொகிள்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன என்று அங்கே எல்லோருக்கும் தோன்றும். அதைச் செய்யக்கூடாது. ஒன்ராறியோவின் பாதைகளில் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். −20 பாகையில் அந்த வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்று −35 பாகைக் குளிருக்குச் சமம். கனடாவின் சுற்றுச்சூழல் துறை அந்த அளவுக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று எச்சரிக்கிறது. கண்ணிலிருந்து வழியும் நீர் இமையிலேயே கட்டியாகும். கையுறையைக் கழற்றி விரலால் வில்லையைத் துடைக்கலாம் என்றால் விரலுக்கும் அதே கதிதான்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. நான் தடுமாறுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். தன் பையிலிருந்து வேறொரு கொகிள்ஸை எடுத்தார். அதன் பட்டியிலிருந்து ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயரின் முனையில் இருந்த பிளக், எங்கள் வீட்டு டெக்கைத் தொலைக்காட்சியோடு இணைத்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களில் இருந்த அதே ஆர்சிஏ பிளக். ஸ்னோமொபைல்களில் சூடேற்றும் வைசருக்கும் (ஹெல்மெட்டின் முன்பக்கக் கண்ணாடி மறைப்பு) கொகிள்ஸுக்கும் பரவலாகப் பயன்படுவது அதுதான். வண்டியின் கைப்பிடிக்குக் கீழே அதற்கான துளை. வண்டியின் 12 வோல்ட் மின்சாரம் அந்த வயர் வழியாகக் கண்ணுக்கு முன்னால் வந்து சேர்கிறது.

வில்லையில் நடப்பது எளிமையானது. இரட்டைத் தகடு, நடுவே அடைத்த காற்று. உள் தகட்டில் மின்சாரத்தைக் கடத்தும் படலம் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. பலவற்றில் அது இண்டியம் வெள்ளீய ஒக்சைட்டு. நம் தொலைபேசித் திரைகளிலும் அதே பொருள்தான் இருக்கிறது. ஒளி தடையில்லாமல் ஊடுருவும், மின்சாரமும் பாயும், பாயும்போது தகடு முழுவதும் இலேசாகச் சூடேறும். கொதிக்கச் சூடேற்றுவது அதன் நோக்கமல்ல. உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலைக்குச் சற்று மேலே வில்லையை வைத்திருந்தால் போதும். காரின் பின்கண்ணாடியில் கோடு கோடாக ஓடும் கம்பிகள் செய்யும் வேலைதான் இது, இங்கே கம்பி கண்ணுக்குத் தெரியாது.

"முதலில் சுவிட்சைப் போடு, பிறகு மூச்சு விடு" என்றார் அந்தப் பெண்மணி. நகைச்சுவையாகச் சொன்னாலும் முழு விஷயமும் அதற்குள் இருந்தது. மங்கிய பிறகு சூடேற்றினால் தெளிய நேரம் எடுக்கும். உறைந்த பிறகு என்றால் இன்னும் அதிகம். அந்த நேரம் முழுவதும் நீங்கள் குருட்டு ஓட்டம் ஓட வேண்டும். வண்டியை இயக்கி, வயரைச் செருகி, வில்லை சூடேறத் தொடங்கிய பிறகே முகத்தில் மாட்ட வேண்டும். தெளிந்த பின் சூட்டைக் குறைத்து வைக்கலாம். தொடர்ந்து முழுச் சூட்டில் விட்டால் கண்கள் வறண்டு எரிகின்றன, என்னுடையவை எரிந்தன.

போட்டுக்கொண்டு புறப்பட்டோம். கொகிள்ஸின் வில்லை பளிச்சென்று தெளிவாக இருந்தது. காடு தெரிந்தது, அத்தானின் விளக்கு தெரிந்தது. ஆனால் எல்லாம் வெள்ளைத் திரைச்சேலைக்கு அப்பால் தெரிந்தன. உள்ளே இருந்த என் கண்ணாடி மங்கியிருந்தது.

விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். சூடேறுவது கொகிள்ஸின் வில்லை மட்டுமே. அதற்குப் பின்னால் இருக்கும் மூக்குக்கண்ணாடிக்கு மின்சாரமும் இல்லை, சூடும் இல்லை. வெளியே குளிர்ந்துபோன கண்ணாடியை அப்படியே முகத்தில் வைத்துக் கொகிள்ஸால் மூடினால், மூக்கின் இரு பக்கமும் மேலே ஏறும் மூச்சு முதலில் சந்திப்பது அதைத்தான். கண்ணாடி உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகு பெரும்பாலும் தொல்லை இல்லை. அதுவரைக்கும்தான் சோதனை. ஆகவே கண்ணாடியைக் குளிரவே விடக்கூடாது. கட்டிடத்துக்குள் இருக்கும்போதே கண்ணாடி, கொகிள்ஸ், ஹெல்மெட் எல்லாவற்றையும் அணிந்து முடித்துவிட்டு வெளியே வர வேண்டும். வெளியில் கழற்ற நேர்ந்தால் கண்ணாடியை ஜாக்கெட்டின் உள்பையில், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உடை மாட்டியபடி சூடான அறைக்குள் நின்று கதை பேசினால் வியர்த்துவிடும். மாட்டியவுடன் வெளியேறிவிட வேண்டும்.

அடுத்தது மூச்சு. அந்த ஹெல்மெட்டின் உள்ளே மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் மறைப்பு ஒன்று இருந்தது. மருத்துவமனையில் ஒட்சிசன் கொடுக்கப் போடுவார்களே, அந்த மாதிரி. மூச்சை முகத்தின் மேற்பகுதிக்குப் போகவிடாமல் பக்கவாட்டிலும் கீழேயும் தள்ளிவிடுவது அதன் வேலை. எனக்கு அது மூச்சுமுட்டுவதைப் போல் இருந்ததால் தளர்த்தி வைத்திருந்தேன். வழிகாட்டி வந்து அதை மூக்கின் பாலத்தோடு அழுத்திப் பட்டியை இறுக்கினார். என்னைப் பொறுத்தவரை அன்றைய திருப்பம் அதுதான், சுவிட்ச் அல்ல. மறைப்பு பொருந்தி உட்கார்ந்ததும் மூக்குக்கண்ணாடி மெல்ல மெல்லத் தெளிந்தது. பிறகு சோதித்துப் பார்ப்பதற்காகச் சூட்டை நிறுத்தி ஓட்டினேன். கொகிள்ஸின் ஓரங்கள் மங்கத் தொடங்கினாலும் நடுப்பகுதி நெடுநேரம் தாக்குப்பிடித்தது. மறைப்பைத் தளர்த்தி, சூட்டை முழுவதுமாக ஏற்றினேன். கொகிள்ஸ் தெளிவு, மூக்குக்கண்ணாடி பால். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் மறைப்பைத்தான் கேட்டு வாங்குவேன்.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் முகக்கவசத்தோடு அல்லாடிய கண்ணாடிக்காரர்களுக்கு இது புதிதல்ல. மூக்கின் மேலுள்ள கம்பியை நன்றாக அழுத்தினால் கண்ணாடி தெளியும், தளர்ந்தால் மங்கும். கோவிட் காலத்தில் வெள்ளவத்தைச் சந்தை வாசலில் கற்ற பாடம் ஹலிபேர்ட்டன் காட்டில் செல்லுபடியானது.

தலையையும் கழுத்தையும் மூடும் துணிமுகமூடி அங்கே எல்லோரிடமும் இருக்கும். மருமகன் அதை மூக்குவரை இழுத்து, மேல் ஓரத்தைக் கொகிள்ஸின் நுரைப்பஞ்சுக்குள் செருகியிருந்தான். இடைவெளியே இல்லாமல் கதகதப்பாக இருக்கிறதாம். "மாமா, நீங்களும் இப்படிச் செய்யுங்கள்" என்று எனக்கும் ஆலோசனை. துணிக்குள் விட்ட மூச்சு துணி வழியாகவே மேலே ஏறி நேரே கொகிள்ஸுக்குள் போகும், வேறு வாசல் அதற்கு இல்லை. துணியின் ஓரம் கொகிள்ஸின் விளிம்புக்கு வெளியே, அதைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். மேலும் மூச்சால் நனைந்த துணி உறைந்து அட்டையாகிவிடும். உலர்ந்த இன்னொன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது. மருமகன் என் பேச்சைக் கேட்கவில்லை, வழிகாட்டியின் பேச்சைக் கேட்டான். பதினேழு வயது அப்படித்தான்.

ஓடும்போது இருக்கும் தொல்லையைவிட நிற்கும்போது இருக்கும் தொல்லை பெரிது. ஓடும்போது கொகிள்ஸின் மேலும் கீழும் உள்ள துளைகள் வழியே காற்று புகுந்து ஈரத்தை வெளியேற்றுகிறது. நின்றதும் அந்தக் காற்று நின்றுவிடும். எஞ்சினை அணைத்தால் பல வண்டிகளில் வயருக்கு வரும் மின்சாரமும் நின்றுவிடும். அதோடு நிற்கும்போதுதான் நமக்கு வியர்க்கும். அத்தானின் வண்டி பாதையை விட்டு விலகி மென்பனியில் புதைந்தது. மூன்று பேரும் சேர்ந்து தூக்கி இழுத்தோம். அவ்வளவு தடித்த உடைக்குள் அந்த வேலை செய்தால் கொழும்பு வெயிலில் மூட்டை சுமந்த கதைதான். தலையிலிருந்து ஆவி பறந்தது. அந்த நிலையில் கொகிள்ஸை நெற்றிக்கு மேலே தள்ளிவிட எல்லோர் கையும் தானாகப் போகும். நெற்றி வியர்வை அப்படியே நுரைப்பஞ்சில் ஊறும், திரும்பக் கீழே இறக்கியதும் உள்ளே மழைக்காலம் தொடங்கிவிடும். உழைக்கும் வேலை வந்தால் கொகிள்ஸை முழுவதுமாகக் கழற்றி, வில்லை பனியில் படாமல் ஜாக்கெட்டுக்குள் வைத்துவிட வேண்டும். முகத்தைத் துடைத்து, மூச்சு அடங்கியபின் மாட்ட வேண்டும். அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டே மாட்டினார், அடுத்த ஏரிவரை நொந்துகொண்டே வந்தார்.

வண்டியிலிருந்து இறங்கும்போது வயரைக் கழற்றுவதும் பழக வேண்டும். மறந்து இறங்கினாலும் பிளக் தானாக விடுபட்டுவிடும், விழுந்தாலும் அப்படியே. அதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அடிக்கடி கழன்றுவிடுகிறது என்று சிலர் அதை ஒட்டுநாடாவால் சுற்றி இறுக்கி வைக்கிறார்களாம். கழுத்துக்கும் 200 கிலோ வண்டிக்கும் இடையே கழலாத வயர் ஒன்றைக் கட்டிக்கொள்வதைவிட மங்கிய கண்ணாடியோடு நடந்து வருவது மேல்.

மத்தியானம் விடுதிக்குத் திரும்பினோம். கதவைத் திறந்து உள்ளே போனதும் கண்ணாடி ஒரே வெள்ளை. கோட்டை அலுவலக வாசலில் நடப்பதேதான், ஆனால் இங்கே வில்லை அவ்வளவு குளிர்ந்திருந்ததால் படிந்த நீர் அதன்மேல் உறைந்தும் போனது. அந்த நேரத்தில் துடைக்கக்கூடாது. பனித்துகளோடு சேர்த்துத் தேய்த்தால் வில்லையின் பூச்சில் கீறல் விழும். கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கண் தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் அத்தான் பொம்பார்டியே கதையைச் சொன்னார். கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியேயின் சின்ன மகன் 1934 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நோயுற்றான். பனியால் வீதிகள் மூடிக்கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை இறந்துபோனான். பனியில் ஓடும் வண்டியைச் செய்வதில் ஏற்கெனவே ஈடுபட்டிருந்த அந்த மனிதர் 1937 இல் தன் வண்டிக்கான பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஒருவர் இருவர் ஏறிச்செல்லும் அவருடைய ஸ்கீ-டூ ஸ்னோமொபைல் 1959 இல் சந்தைக்கு வந்தது. காலையிலிருந்து விளையாட்டாக ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை அதன்பிறகு வேறு கண்ணோடு பார்த்தேன்.

வயர் இல்லாமல் பற்றரியில் இயங்கும் கொகிள்ஸும் உண்டு. வண்டியை நிறுத்தினாலும் சூடு நிற்காது, பனிச்சறுக்குக்கும் பயன்படும். அதுவே அதன் பெரிய வசதி. ஆனால் லிதியம் பற்றரி குளிரில் சோம்பேறி. அறைக்குள் முழுதாகக் காட்டிய மின்னேற்றம் −20 பாகையில் வேகமாகக் கரையும். பற்றரி பட்டியிலேயே பொருத்தப்பட்டிருந்தால் அதைக் குளிரிலிருந்து காப்பாற்ற வழியில்லை. தனி வயரோடு உள்பையில் வைக்கக்கூடிய அமைப்பு மேலானது. குளிர்ந்து விறைத்த பற்றரியை உடனே சார்ஜில் போடக்கூடாது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் உள்ளே உலோக லிதியம் படிந்து பற்றரி கெட்டுவிடும், ஆபத்தும் உண்டு. அறைச் சூட்டுக்கு வந்தபின் போடவும். கட்டுநாயக்காவில் விமானம் ஏறுபவர்கள் உதிரிப் பற்றரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெரிய பெட்டியில் வைக்க அனுமதியில்லை. இந்தக் கொகிள்ஸ் பற்றரிகள், விமானத்தில் பற்றரியின் கொள்ளளவுக்கு வைத்திருக்கும் 100 வோட்-மணி எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் வேறு சிக்கல் இல்லை.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வருடத்தில் ஒருமுறை போகிறவர் வாங்க வேண்டாம். சாதாரணக் கொகிள்ஸைவிட இவை பல மடங்கு விலை. அங்கே உறவினரிடம் இருந்தால் இரவல் வாங்கலாம், வாடகைக் கடையில் கேட்கலாம். கேட்கும்போதே வண்டியில் அந்த ஆர்சிஏ துளை இருக்கிறதா என்றும் கேட்டுவிட வேண்டும், எல்லா வாடகை வண்டிகளிலும் அது இருக்காது. இரட்டைத் தகடு வில்லை கொண்ட நல்ல சாதாரணக் கொகிள்ஸும் பொருந்தும் மூச்சு மறைப்பும் சேர்ந்தால் பாதிக்கு மேல் பிரச்சினை தீர்ந்துவிடும். வில்லை மங்காமல் இருக்கப் பூசும் திரவங்கள், தெளிப்பான்கள் என்று கடை வாசலில் அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏற்கெனவே பூச்சுள்ள வில்லையில் இன்னொன்றைத் தெளித்துத் தேய்ப்பது இருப்பதையும் கெடுத்துவிடும்.

செலவழிக்க வேண்டிய இடம் கொழும்பிலேயே இருக்கிறது. கண்ணாடிக் கடையில் மெல்லிய பிளாஸ்டிக் சட்டத்தில் உங்கள் எண்ணுக்கு இன்னொரு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். உலோகச் சட்டம் குளிரை நேரே மூக்குக்கும் காதோரத்துக்கும் கடத்தும். சட்டம் சிறிதாக இருக்கட்டும். அகலமான சட்டம் கொகிள்ஸுக்குள் நுழையாது, நுழைந்தாலும் அதன் வில்லையில் இடித்து இரண்டிலும் கீறல் போடும். கண்ணாடிக்கு மேலே அணிவதற்கென்றே பக்கங்களில் காதுத்தண்டுக்கு வெட்டு வைத்த கொகிள்ஸ் உண்டு. சட்டத்தின் முழு அகலத்தையும் அடிமட்டத்தால் அளந்து அங்குள்ளவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால் பொருத்தமானதைத் தேடி வைப்பார்கள்.

கண்ணுக்குள் வைக்கும் வில்லை பழகியவர்களுக்கு இந்தத் தலைவலியில் பாதி இல்லை. குளிரில் அது கண்ணோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் மாடியில் ஒரு மாமி அடித்துச் சொன்னார். அப்படி ஆகாது. கண்ணின் சூடும் கண்ணீரும் அதைக் காக்கின்றன. வறட்சிக்குக் கண் துளி மருந்து கையில் இருந்தால் போதும். ஆனால் பயணத்துக்காகவே முதன்முறையாகப் போட்டுப் பழகுவதாக இருந்தால் மாதக்கணக்கில் முன்பே தொடங்கவேண்டும்.

திரும்பி வந்த பிறகு மே மாத மழை பிடித்துக்கொண்டது. இங்கே நான் மோட்டார் சைக்கிளில் வெள்ளவத்தைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே தினமும் ஓடுகிறவன். தென்மேற்குப் பருவமழையில் வைசர் மங்குவது பல வருடத் தலைவலி. மழை வைசரை இரண்டு மூன்று பாகை குளிர்விக்கிறது. வெளிக்காற்றோ ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருக்கிறது. அதற்குமேல் நம் மூச்சு. வைசரைத் திறந்தால் கண்ணாடியில் மழைத்துளி, மூடினால் ஆவி. டியூப்ளிகேஷன் வீதியில் மாலை ஆறு மணிக்கு எதிரே தெரியும் விளக்குகள் எல்லாம் பூப்பூவாய் விரியும்.

அத்தான் வழியனுப்பும்போது பற்றரிக் கொகிள்ஸ் ஒன்றைப் பையில் திணித்துவிட்டிருந்தார். ஆர்வம் தாங்காமல் ஒரு மழை மாலையில் முகம் திறந்த ஹெல்மெட்டோடு அதை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். வில்லை தெளிவாகவே இருந்தது, அறிவியல் இங்கும் பொய்க்கவில்லை. ஆனால் 27 பாகையில் முகத்தைச் சூடேற்றிக்கொள்வது தண்டனை. நுரைப்பஞ்சு மழையை உறிஞ்சிக் கன்னத்தில் வடித்தது. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பக்கத்து ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்து, வெல்டிங் வேலைக்கா போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நான் ஆம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல அந்தச் சிவப்பு விளக்கு போதாது.

இங்கே பயன்பட்டது மூச்சு மறைப்புப் பாடம்தான். முழுமுக ஹெல்மெட்டில் மூக்குக்கு மேல் பொருத்தும் சிறிய ரப்பர் தடுப்பு உண்டு, பல ஹெல்மெட்டுகளில் வாங்கும்போதே பெட்டிக்குள் கிடக்கும். பெரும்பாலோர் அதை எறிந்துவிடுகிறார்கள். என்னுடையதும் அலுமாரிக்குள் கிடந்தது, எடுத்துப் பொருத்தினேன். நாடியின் கீழே இருக்கும் காற்றுத்துளையை வருடக்கணக்கில் மூடியே வைத்திருந்தேன், அதைத் திறந்தேன். அடுத்ததாகப் பின்லொக் எனப்படும் உள்வில்லை. வைசரின் உட்புறத்தில் இரண்டு சிறிய ஊசிகளுக்கு நடுவே அழுந்தி உட்காரும் இது. ஓரத்தைச் சுற்றி ஓடும் சிலிக்கோன் விளிம்பு இரண்டுக்கும் நடுவே காற்றைச் சிறைப்பிடிக்கிறது. ஹலிபேர்ட்டனில் பார்த்த அதே இரட்டைத் தகடு, மின்சாரம் இல்லாமல். வைசரில் அந்த ஊசிகளுக்கான இடம் இருக்க வேண்டும் என்பதால் ஹெல்மெட்டின் பெயரையும் மாதிரியையும் எழுதிக்கொண்டு போய்த் தேடுங்கள். சிலிக்கோன் விளிம்பு எங்காவது வைசரைத் தொடாமல் நின்றால் அந்த இடைவெளியால் ஈரம் புகும், பிறகு துடைக்கவும் வழியில்லை. ஊசியைச் சற்றே திருப்பினால் அழுத்தம் கூடும்.

உள்வில்லை கிடைக்காதவர்கள் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு துளி விரலில் எடுத்து, காய்ந்த வைசரின் உட்புறத்தில் மெல்லப் பூசி, மென்துணியால் பளபளப்பு வரும்வரை ஒற்றித் துடைக்கலாம். ஒரு மழைக்குத் தாங்கும், இரண்டாவதற்குத் திரும்பப் பூச வேண்டும். பூச்சுள்ள வைசரில் இதைச் செய்ய வேண்டாம். பற்பசை தேய்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்கவே வேண்டாம், அது பிளாஸ்டிக்கை அராவிவிடும். மூக்குக்கண்ணாடிக்கும் இதேதான்.

கொகிள்ஸ் இப்போது என்னிடம் இல்லை. எதிர்வீட்டுத் தம்பி ஜனவரியில் மொன்றியலுக்குப் படிக்கப் போகிறான், கண்ணாடி போட்டவன், அவனிடம் கொடுத்துவிட்டேன். கொகிள்ஸின் உள் தகட்டை ஈரமாக இருக்கும்போது தொடாதே, ஓட்டி முடித்ததும் ஹீட்டரின் மேலோ எஞ்சினின் மேலோ காயவைக்காதே, சாதாரண அறையில் தொங்கவிடு, நுரைப்பஞ்சு முழுதாகக் காயாமல் பைக்குள் அடைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவனுடைய அம்மாவுக்கு ஜாக்கெட்டைப் பற்றித்தான் இன்னும் கவலை.